பின்னால் போன கல்யாண வண்டி

வியாகுலம்மாள் தன் புருஷனை என்ன வேண்டுமானாலும் சொல்லுவாள். கிறுக்கன், சோம்பேறி, மண்டையில் ஒன்றுமில்லாதவன் என்று ராயபுரம் கடற்கரை வரைக்கும் கேட்கச் சொல்லுவாள். அதே வார்த்தையை இன்னொருத்தி சொல்லிவிட்டால் போதும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவாள். திட்டுகிற உரிமை அவளுடையது, அடுத்தவள் எப்படிக் கை வைக்கலாம்?

அந்த உரிமைக்கு நாலு வருஷமாக ஆபத்து. துறைமுகத்தில் எந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த அவள் புருஷன் அருள்நாதனுக்கு, சீமைக்குத் திரும்பிய ஒரு துரை தன் பழைய மோட்டாரைக் கொடுத்துவிட்டுப் போனார். மாடு கட்டி இழுத்து வந்து, பின்பக்கம் முருங்கை மரத்தடியில், மூக்கு மதிலைப் பார்க்க நிறுத்தினான். நின்றது நின்றதுதான். மேல் துணி கிழிந்தது, டயர் சப்பையானது, பின் சீட்டில் கோழி அடைகாத்தது. "இன்னா பிட்டரே, மோட்டாரு குஞ்சு பொரிச்சிச்சா?" என்று தெருவே கேட்டது. அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். வயிறு எரிந்தது அவளுக்குத்தான்.

மகள் ஃப்ளோரன்சுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று, வெற்றிலைத் தட்டு மாற்றின கையோடு, சபையில் எழுந்து நின்று சொன்னான் அந்த மனுஷன்: "எம் பொண்ணு மோட்டார்லதான் கோயிலுக்குப் போவா."

எல்லோரும் சிரித்தார்கள். வியாகுலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை படித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பது வழக்கம். அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "மூணாம் ஓலை படிக்கிற அன்னிக்குள்ள உன் பேய்ப்பொட்டி உறுமணும். இல்லாங்காட்டி பழைய இரும்புக் கடை ரஹீமுன்னிசாவைக் கூட்டியாந்து ஏத்தி வுட்டுடுவேன், ஆமா!"

முதல் ஓலை ஞாயிறில் கோழிக்கு வேறு இடம் பார்த்தார்கள். இரண்டாம் ஓலைக்குள் சக்கரங்களுக்குக் காற்று வந்தது. பெட்ரோல் டாங்கியில் துரு கொட்டியது. வடிகட்ட மெல்லிசுத் துணி வேண்டும் என்று அவன் தலையைச் சொறிந்தபோது, திட்டிக்கொண்டே தன் மல் புடவையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள். மூன்றாம் ஓலை படித்த ஞாயிறு மத்தியானம், கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி அவன் தோள் கழன்றுவிடும்போல இருந்த நேரத்தில், வண்டி இருமியது, வெடித்தது, அப்புறம் உறுமியது. கோழிகள் பக்கத்து வீட்டு கெங்கம்மாவின் கூரைக்குப் பறந்தன. வியாகுலம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காட்டிக்கொள்வாளா? "ஒழுங்கா கோயில் போய்ச் சேரட்டும், இல்லாங்காட்டி அங்கேருந்தே இரும்புக் கடைக்குத்தான்" என்று உள்ளே போய், அடுப்படியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இருந்தாலும், பூசை முடியும் நேரத்துக்கு மாட்டு வண்டியோடு கோயில் பக்கம் வந்து நிற்கும்படி ரஹீமுன்னிசாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை. முல்லைச் சரம் சுற்றிய மோட்டார், மகளையும் தாயையும் ஏற்றிக்கொண்டு, பின்வாக்கில் ஊர்ந்து தெருவுக்கு வந்தது. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. அருள்நாதன் மீசையைத் தடவிவிட்டு, முன்னே போகிற பெடலை மிதித்தான். வண்டி கத்தியது. நகரவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தான். இன்னும் கத்தியது.

முன்னே போவதற்கு உள்ளே இருக்கும் பட்டை தேய்ந்து நூலாகிவிட்டிருந்தது. நாலு வருஷம் மூக்குக்கு முன்னால் மதில் இருந்ததால், அந்தப் பெடலை ஒருமுறைகூட மிதித்துப் பார்க்க மகாராசனுக்குத் தோன்றவில்லை!

"ஜட்கா வண்டியைக் கூப்புடுங்கப்பா, பிட்டரு மோட்டாரு பூடுச்சு!" என்று யாரோ கத்த, தெரு விழுந்து விழுந்து சிரித்தது. இந்தத் தடவை அருள்நாதன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, மகளைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தான். அதைக் கண்டதும் வியாகுலம்மாள் முன் சீட்டுப் பக்கம் குனிந்தாள்.

"யோவ், பின்னால போவுதா?"

"போவும்."

"நல்லா போவுதா?"

"அது ஜோரா போவும்மே. ஆனா..."

"இன்னா ஆனா? முன்னால போனாத்தான் கோயில் வருமா? வுடுய்யா!"

பட்டுப்புடவையோடு பின் சீட்டில் திரும்பி முழங்காலிட்டுக்கொண்டாள். "இடது பக்கம் ஒடி! மாடு, மாடு! நில்லு! இப்ப வுடு!" என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டினான். எது முன்பக்கம் என்று தெரியாமல் பேண்டுக்காரர்கள் இரண்டு தடவை இடம் மாறினார்கள். ஃப்ளோரன்ஸ் முக்காட்டுக்குள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தாள். பின்னால் நடந்து வந்த ஊரைப் பார்த்தபடியே கல்யாணப் பெண் போனாள்.

"எத்தினி கல்யாணம் பாத்துக்கீறேன், பொண்ணோட முதுகுதான் தெரியும்," என்றாள் கெங்கம்மா. "இன்னிக்குத்தான் வழி நெடுக மூஞ்சியைப் பாத்துகினு வரேன். அம்சமா கீறாடி!" அதற்கப்புறம் ஒருவரும் கேலி பண்ணவில்லை. பிள்ளைகள் வண்டியோடு கூடவே பின்வாக்கில் ஓடினார்கள்.

மணி அடிக்கும்போது வண்டி கோயில் வாசலில் நின்றது.

பூசை முடிந்து மணமக்கள் வெளியே வந்தபோது, மாட்டு வண்டியோடும் கயிற்றோடும் ரஹீமுன்னிசா காத்திருந்தாள். "இன்னா வியாகுலம், தூக்கிகினு போவவா?"

அருள்நாதன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் வந்து சேர்ந்ததை ஒழுங்காக வந்ததாகச் சொல்ல முடியுமா?

வியாகுலம்மாள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "எதைத் தூக்குவே? எங்க வண்டியையா? அது இன்னும் முன்னால போறதையே நான் பாக்கல, தெரியுமா? மாட்டை அவுத்துட்டு வா, வந்து பிரியாணி சாப்புடு!"

அருள்நாதன் நிமிர்ந்து பார்த்தான். நாலு வருஷத்தில் அவள் அதை எங்க வண்டி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.