விசிறிக்கு அந்தப் பக்கம்

என் அக்கா ஜொவிட்டாவின் மட்டையில் பந்து நடுவில் படாது. ஓரத்துச் சட்டத்தில் பட்டு மேலே எகிறும். கையில் பலம் இருந்தது, காலும் ஓடியது. ஆனாலும் ஒவ்வொரு அடியும் ஓர் இமைப்பு நேரம் தாமதமாகவே விழுந்தது.

கோபாலபுரத்தில் அவளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் சுப்பராமன் சார் ஒருநாள் எல்லார் முன்னாலும் சொன்னார்.

“பந்து வந்துண்டே இருக்கு, நீ ஒறவுக்காரா யாரோ வரா மாதிரி பாத்துண்டே நிக்கறே. கையில ஒரு கோளாறும் இல்லை. கண்ணுதான் லேட்டா வர்றது. ஆத்துல கண்ணுக்குப் பயிற்சி குடு.”

நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாவட்ட அணிக்குத் தேர்வு. அதில் இடம் கிடைத்தால் பிளஸ் டூ முடித்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேரலாம் என்று அக்கா கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதைவிட்டால் அவளுக்கு வேறு எண்ணமே இல்லை.

பயிற்சியை அவளேதான் கண்டுபிடித்தாள். வெளிநாட்டில் மூடி மூடித் திறக்கிற கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஆடிப் பழகுவார்களாம். பார்வையைப் பாதி மறைத்துவிட்டால், மறைந்த பாதியைக் கண் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளுமாம். அந்தக் கண்ணாடிக்கு எங்கே போவது? ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் வேலை செய்யும் அப்பா பழுது பார்த்துக் கொண்டுவந்த டேபிள் ஃபேன் ஒன்று வீட்டில் இருந்தது. முன்வலையையும் பின்வலையையும் கழற்றிவிட்டு அதை ஸ்டூல் மேல் வைத்தாள்.

“கையை விட்டுத் தொலைக்கப் போறீங்க ரெண்டு பேரும்,” என்று அம்மா கத்தினாள்.

“கையா பாக்கப் போவுது? கண்ணுதானேம்மா,” என்றாள் அக்கா.

பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோய் நான் வீட்டில் இருந்ததால் பந்து போடுகிற வேலை எனக்கு. நான்கு பந்துகள். ஒவ்வொன்றிலும் துணிக்கு அடிக்கிற சாயத்தால் ஒரு பொட்டு: சிவப்பு, நீலம், பச்சை, கருப்பு. நான் கூடத்தின் அந்தக் கோடியில் நின்று மஞ்சப்பைக்குள் கையை விட்டு, வந்த பந்தை மேலே எறிந்து பிடிப்பேன். அவள் விசிறிக்குப் பின்னால் நின்று, சுழலும் இறக்கைகளுக்கு ஊடே பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும். காற்று என் பக்கம் அடிக்கும். அவள் முகம் எனக்குத் துண்டு துண்டாகத் தெரியும். பாதிக் கண், ஒரு பல், மறுபடியும் பாதிக் கண்.

முதல் வாரம் பத்துக்கு ஏழு தப்பு. இரண்டாவது வாரம் தப்பே இல்லை. பந்து உச்சிக்குப் போகுமுன் சொல்லிவிடுவாள். சாரும் சந்தோஷப்பட்டார். “இப்பதான் கண்ணு டயத்துக்கு வர்றது,” என்றாராம்.

மூன்றாவது வாரம், பந்து என் கையை விட்டுப் புறப்படும் முன்பே சொல்ல ஆரம்பித்தாள். அதற்கும் இரண்டு நாள் கழித்து, என் கை பைக்குள் இருக்கும்போதே.

“பச்சை.”

எடுத்துப் பார்த்தேன். பச்சை.

எட்டிப் பார்க்கிறாளோ என்று பையின் வாயைச் சுருக்கிப் பிடித்துக்கொண்டேன். ஒரு தடவை வேண்டுமென்றே இரண்டு பந்தை உள்ளேயே பற்றினேன். “சிவப்பு, கருப்பு. ஏண்டி ரெண்டு எடுக்கறே?” என்றாள். இன்னொரு தடவை, எதையும் எடுக்கக் கூடாது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு கையை மட்டும் உள்ளே விட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாடி, எடுக்கமாட்டேன்னு உக்காந்துக்கினியா?” என்றாள் கடைசியில். சிரித்தாள். பாதிச் சிரிப்பு, பாதி இறக்கை.

விசிறியை நிறுத்திய பிறகும் அது சிறிது நேரம் அவளோடு இருந்தது. அம்மாவின் போன் அடிக்குமுன் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வருவாள். கைக்கு வந்த பிறகுதான் அது அடிக்கும். அப்பா பட்டறையில் நடந்த கதையைச் சொல்ல ஆரம்பிக்கையில், சிரிக்க வேண்டிய இடம் வருமுன் இவள் சிரித்துவிடுவாள். அரை மணி நேரம் விசிறிக்குப் பின்னால் நின்றால் சாயங்காலம் வரை எங்களுக்கு முன்னால் இருப்பாள். கூடுதலாக நின்றால் கூடுதலாக முன்னால். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். காலையில் பல் விளக்கும்போது எங்களோடு வந்து சேர்ந்துகொள்வாள்.

அக்டோபர் ஜெபமாலை மாதம். சாந்தோமில் எங்கள் சந்தில் ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் ஜெபம் கேட்கும். எங்கள் வீட்டில் மாதா சுரூபம் வைத்திருக்கிற சுவர்ப் பலகையைப் பார்த்து நால்வரும் முழந்தாளில் நிற்போம். முன்னால் அப்பா, அவருக்குப் பின்னால் அம்மா, கடைசியில் நானும் அக்காவும். பலகைக்கு மேலே எரிக் பெரியப்பாவின் படம். நாங்கள் பிறக்குமுன்பே இறந்துபோனவர். அப்பா ஜெபத்தின் முன்பாதியைச் சொல்வார், நாங்கள் பின்பாதியைச் சொல்வோம். அந்த வாரம் அப்பா பாதியில் இருக்கும்போதே அக்கா பின்பாதியைச் சொல்லத் தொடங்கினாள்.

“இன்னா அவசரம்?” என்றார் அப்பா திரும்பாமலே. “மாதாவுக்கே மூச்சு வாங்குது.”

வியாழக்கிழமை நல்ல மழை, பள்ளிக்கூடம் லீவு. மைதானத்தில் தண்ணீர் நின்றதால் கோபாலபுரம் போக முடியவில்லை. அக்கா இரண்டு மணிக்கு விசிறியைப் போட்டவள் ஆறு மணிக்குத்தான் நிறுத்தினாள். எனக்குத் தோள் விட்டுப்போயிற்று. கடைசி ஒரு மணி நேரம் அவள் நிறமே சொல்லவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் சும்மா எறிந்துகொண்டிருந்தேன்.

ஏழு மணிக்கு ஜெபம். ஜெபமாலையில் மூன்றாவது பத்து மணிகளை உருட்டிக்கொண்டிருந்தோம். அப்பா முன்பாதியை முடித்தார். அம்மாவும் நானும் வழக்கமான பதிலைத் தொடங்கினோம். அக்கா வேறு பதிலைச் சொன்னாள். சாவு வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாரும் சொல்கிற பதில். தடுமாறாமல், நிதானமாக, முழுசாகச் சொன்னாள்.

அம்மாவின் விரல் மணியின் மேல் அப்படியே நின்றது. அப்பா திரும்பிப் பார்த்தார். “வெளையாட்டா இது?” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மீதி ஜெபத்தை மெதுவான குரலில் முடித்தோம்.

காலையில் அக்கா எங்களோடு வந்து சேர்ந்த பிறகு, ஏன் அந்தப் பதிலைச் சொன்னாய் என்று கேட்டேன்.

“அப்பா அதைத்தான் சொன்னாரு. அதுக்குத்தான் நான் பதில் சொன்னேன்.”

“அப்பா அதைச் சொல்லவேயில்ல.”

“எனக்குக் கேட்டுதுடி.”

பிறகு கோயிலில் கொடுத்த காலண்டர் என் கண்ணில் பட்டது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். ஒவ்வொரு வருஷமும் அன்றைக்குப் பெரியப்பாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, சாயங்காலம் அப்பா வீட்டிலும் மரித்தோர் ஜெபம் சொல்வார். எனக்கு உயிர் வந்தது.

“ஞாயித்துக்கிழமை ஜெபத்தை நேத்தே கேட்டுட்டேக்கா. அவ்ளோதான்.”

“பாரு,” என்றாள் அவள். “மேட்ச் முடிஞ்சு நான் பத்திரமா வீட்டுக்கு வந்திருக்கேன். போதும்ல?”

“இத்தோட விட்டுடுக்கா. பயமா இருக்கு.”

“ஞாயிறு வரைக்கும்டி. அப்புறம் ஃபேனை நீயே வலையை மாட்டி வெச்சிடு.”

பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். வெள்ளியும் சனியும் பத்து நிமிஷம்தான்.

சனிக்கிழமை மதியம் மட்டையின் கைப்பிடிக்குப் புது டேப் சுற்றிக்கொண்டிருந்தோம். நான் பிடித்துக்கொள்ள அவள் சுற்றினாள். பேச்சுவாக்கில், “அம்மா ஏண்டி அழுதாங்க? பெரியப்பாவை அம்மா பாத்ததுகூட இல்லையே,” என்றாள்.

“எப்ப?”

“அந்த ஜெபத்துலதான். அப்பா நீலக் கட்டம் போட்ட சட்டை. அம்மா அழுதுக்கினு இருந்தாங்க. நீயுந்தான். மூக்கு செவந்து, பாக்க சகிக்கல.”

“கேட்டேன்னுதானே சொன்னே? பாக்கவும் செஞ்சியா?”

“பாத்தேனே. மூணு பேர் முகமும் நேரா தெரிஞ்சுது.”

அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சாயங்காலம் முழந்தாளிட்டபோதுதான் உறைத்தது. என் இடத்திலிருந்து அப்பாவின் முதுகு தெரிந்தது. அம்மாவின் கொண்டை தெரிந்தது. பக்கத்தில் அக்காவின் காது தெரிந்தது. அக்கா இருக்கும் இடத்திலிருந்தும் அவ்வளவுதான் தெரியும். மூன்று பேர் முகமும் நேராகத் தெரிய வேண்டுமென்றால், பெரியப்பாவின் படம் இருக்கிற சுவரில் இருந்து பார்க்க வேண்டும்.

நான் பதில் சொல்ல மறந்துபோனேன். அக்கா முழங்கையால் இடித்தாள்.

ஞாயிறு விடிந்து வெயிலும் வந்தது. அக்கா பத்து நிமிஷம் விசிறிக்குப் பின்னால் நின்றாள். போகாதே என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் அதை வாயால் சொல்ல வேண்டும். மட்டைப் பையை நான் தூக்கிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். ரோடு கடக்கும்போதெல்லாம் அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். “இன்னாடி, சின்னப் பாப்பாவா நானு?” என்றாள்.

அவள் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. எதிராளியின் மட்டை அசையுமுன் இவள் கால் நகர்ந்தது. ஒரு பந்துகூடச் சட்டத்தில் படவில்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் தோழியிடம், “அவ எங்க போடுவான்னு இவளுக்கு யாருடி சொல்லித் தராங்க?” என்றாள்.

கடைசி பாயிண்ட். எதிராளி சர்வீஸ் போடப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். அக்கா மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆட்டம் முடிந்து கை குலுக்கப் போகிறவள் மாதிரி கையை நீட்டியபடி வலையை நோக்கி நடந்தாள்.

“ஜொவிட்டா! இன்னும் முடியலம்மா!” என்று சுப்பராமன் சார் கத்தினார்.

எதிராளி திகைத்தாள். அக்கா சட்டென்று நின்று, கோட்டுக்குத் திரும்பினாள். அந்தப் பெண் போட்ட முதல் பந்து வலையில் விழுந்தது. இரண்டாவதும் வலையில் விழுந்தது. ஆட்டம் அக்காவுக்கு. அக்கா மறுபடியும் அதே இடத்துக்கு நடந்துபோய், அதே மாதிரி கையை நீட்டினாள்.

கை தட்டாதவர்கள் இரண்டே பேர். நானும் எதிராளியும்.

கல்லறைக்குப் போய் வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அப்பா வியர்த்த சட்டையைக் கழற்றிவிட்டு, கொடியில் கிடந்த நீலக் கட்டம் போட்டதை மாட்டிக்கொண்டார். அக்கா சொன்ன அதே சட்டை. நடக்கத்தான் போகிறது என்றால், நடக்கிற விதத்தையாவது நான் மாற்றிவைக்க வேண்டும் என்று பட்டது.

“அப்பா, இன்னிக்கு அக்கா ஜெயிச்சிருக்கா. அவ மாதா கிட்ட நின்னு மெழுகுவர்த்தி பிடிக்கட்டும். நம்ம பக்கம் பாத்து.”

“இன்னா புதுப் பழக்கம் இது?”

“நிக்கட்டுமேங்க, ஆசைப்படறா,” என்றாள் அம்மா.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சுவரில் முதுகு ஒட்ட நின்றாள். அப்பா மரித்தோர் ஜெபத்தைத் தொடங்கினார். முன்பாதி முடிந்தது. அக்கா காத்திருந்து, எங்களோடு சேர்ந்து பதில் சொன்னாள். முந்தவேயில்லை. சொல்லும்போது எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மகள் ஜெயித்த சந்தோஷத்தில் அம்மாவுக்குக் கண்ணீர் வழிந்தது. எனக்கும் வந்தது. மூக்கைப் புறங்கையால் துடைத்தேன்.

ஜெபம் முடிந்ததும் யாரும் எழுவதற்குள் கேட்டேன். “இதானேக்கா? நீ பாத்தது இதானே?”

“இதேதான்,” என்றாள். “அதே சட்டை. அம்மா அழுவறாங்க. உன் மூக்குகூட.”

மூச்சு விட்டேன்.

அவள் இன்னும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகு உருகி விரலில் விழுந்தும் அவளுக்குத் தெரியவில்லை.

“ஆனா இவ்ளோ கிட்ட இல்லடி,” என்றாள். “இன்னும் கொஞ்சம் மேலேர்ந்து.”

அவள் தலைக்கு மேலே எரிக் பெரியப்பா எங்கள் மூவரையும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போய் விசிறியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, அந்த ஸ்டூலைத் தூக்கிவந்து சுவரோரம் போட்டேன்.

“ஏறி நில்லுக்கா,” என்றேன். “அப்பா, முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லுங்க.”