நாலு வாய் இன்ஜின்

ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்துக்கொண்டு, மறுநுனியை இன்ஜின் காற்றிழுக்கும் நாலு வாய்களில் மூன்றாவதன் அருகே கொண்டுபோனார் மாரிச்சாமி. தாமுவே பகுதியில் அவருடைய பட்டறை வாசலில் நின்ற வெள்ளைக் காரின் பானெட் காலையிலிருந்து திறந்தே கிடந்தது.

"நாலும் ஒரே மாதிரி மூச்சு இழுக்கணும், பாய். ஒண்ணு கூட இழுத்து ஒண்ணு சும்மா கெடந்துச்சுன்னா, வண்டி நின்ன எடத்துலயே குளிர் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும்."

"வேகம் கூடுமா?" என்றான் வண்டியின் சொந்தக்காரன் ஜமால்.

"இன்ஜின் வேகமா சுத்தச் சுத்தக் கொஞ்சம் கூடும். மெதுவா சுத்தறப்போ பெருசா ஒண்ணுமில்ல. ஆனா மிதிச்ச ஒடனே கேக்கும். பழைய இன்ஜினுக்கு ஒரே வாய், அதுவும் தள்ளி. மிதிச்சா, காத்து மொதல்ல அந்த நீளக் குழாய நெரப்பிட்டு அப்புறம்தான் உள்ள வரும். இதுக்கு ஆளுக்கொரு வாய், பக்கத்துலயே. ஒங்க பள்ளிவாசல்ல கை கால் கழுவி ஒலூ எடுக்க ஒரே குழாய் இருந்தா எப்படி? ஆளுக்கொரு குழாய் இருந்தா எப்படி?"

"ஒலூவப் பத்தி ஒமக்கென்ன தெரியும்?"

"முப்பது வருஷமா பாய்மாரு வண்டிதான் பாக்கறேன். தொழுகை ஒண்ணுதான் பாக்கி."

ஜமால் சிரித்தான். ஆனால் மனம் 'மிதிச்ச ஒடனே' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டது. அவனுக்கு வேண்டியிருந்தது வேகம் அல்ல, அந்த ஒரு நொடி.

சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிற ஊரில், ஸ்டீரிங்கும் வலப்பக்கம் இருக்கிற ஜப்பான் வண்டி. முன்னால் லாரி போனால் ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பெகு சந்தைக்குக் கைலிக்கட்டுகளோடு போன எட்டு வருஷமும் அவனுக்கு அப்படிச் சொன்னவள் மனைவி உம்மு சல்மா. தலைத்துணியைப் பல்லில் கடித்தபடி ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, "போங்க" என்பாள். அவன் மிதிப்பான். போன மழைக்காலத்தில் ஒருநாளும் அப்படித்தான் சொன்னாள். வண்டி லாரியைத் தாண்டி முடிப்பதற்குள் எதிரே பஸ் வந்துவிட்டது. அவர்கள் தப்பினார்கள். பஸ் ஒதுங்கிய வேகத்தில் ஓரமாய் வந்த சைக்கா ரிக்‌ஷா ஒன்று வயலில் கவிழ்ந்தது. ஓட்டியவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து, "யாடே, யாடே" என்று, அந்த ஊர்ப் பேச்சில் பரவாயில்லை என்று, அவர்களுக்கே ஆறுதல் சொன்னார். மறுவாரத்திலிருந்து சல்மா பின் சீட்டில், துணிக்கட்டுகளுக்கு நடுவே தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு வந்தாள். அவன் எந்த லாரியையும் தாண்டாமல் அதன் புகைக்குப் பின்னாலேயே பெகு போய்ச் சேர்ந்தான். தன் கண் பொய் சொல்லிவிட்டது என்று அவள் நினைத்தாள். "ஒன் கண்ணு இல்ல புள்ள, இன்ஜின்தான் லேட்டு" என்று அவன் பலமுறை சொன்னான். அவள் முன் சீட்டுக்குத் திரும்பவில்லை. அதனால்தான் இந்தப் புது இன்ஜின்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பபேடான் பகுதியில் இருந்த தன் வீட்டு வாசலில் முன்கதவைத் திறந்துவிட்டு நின்றான். சல்மா வெகுநேரம் அந்த சீட்டைப் பார்த்தாள். பிறகு ஏறி உட்கார்ந்தாள்.

ஊர் தாண்டியதும் தேக்கு மரம் ஏற்றிய லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு முன்னால் போயிற்று. நீட்டிக்கொண்டிருந்த மரத்தின் நுனியில் சிவப்புத் துணி ஆடியது. மூன்று மைல், நான்கு மைல். சல்மா மெல்லக் கண்ணாடியை இறக்கினாள். தலைத்துணியைப் பல்லில் கடித்தாள். சாய்ந்தாள்.

"போங்க."

மிதித்தால் போதும், இன்ஜின் பாய்ந்துவிடும் என்று ஜமாலுக்குத் தெரியும். பட்டறை வாசலில் நூறு தடவை மிதித்துப் பார்த்திருந்தான். ஆனால் அவன் கால் அசையவில்லை. அவள் சொன்னது சரியா என்று, அவனால் பார்க்க முடியாத சாலையை அவனே ஒருமுறை பார்த்துவிடப் போகிறவன் போல, காத்திருந்தான். ஒரு நொடிதான். பிறகு அழுத்தினான். வண்டி துள்ளியது.

"வேணாம்! நில்லுங்க!"

காலை எடுத்தான். எதிரே வந்த அரிசி லாரி காற்றை அடித்துவிட்டுக் கடந்தது.

சல்மா சாலையைப் பார்க்கவில்லை. குனிந்து அவன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கும் கால் இப்படித்தான் நின்னுச்சா, மச்சான்?"

அவன் மர லாரியின் பின்னாலேயே வண்டியை விட்டான். எட்டு வருஷத்தில் அவள் சொன்ன ஒவ்வொரு 'போங்க'வுக்கும் பிறகு இந்த நொடி இருந்திருக்குமோ என்று நினைத்தான். பழைய இன்ஜினின் தாமதத்துக்குள் அது இத்தனை நாள் பத்திரமாய் ஒளிந்திருந்திருக்கிறது.

பின்கதவைத் திறக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் முன் சீட்டிலேயே இருந்தாள். வெகுதூரம் போனபின், அவிழ்ந்த தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். வலது கையை மட்டும் பின்னால் நீட்டி, மிதிக்க வேண்டிய அந்தக் காலின் முழங்கால்மேல் வைத்தாள். முன்னால் சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது. 'போங்க' என்று அவள் இன்னும் சொல்லவில்லை. உள்ளங்கையின் சூடு கைலி வழியாக இறங்க, நான்கு வாய்களும் மெல்ல மூச்சு இழுத்துக்கொண்டிருந்தன.