கொள்ளுக் கஞ்சியும் ஒரு கிட்னியும்

எங்க அக்கா லூசியோட ரெண்டு கிட்னியும் போன வருஷம் கைவிரிச்சிட்டு. வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். அத்தான் ஜோசப்ராஜுக்குச் சக்கர வியாதி, அவியளால குடுக்க முடியாது. பிள்ளையும் கிடையாது. மிச்சம் தங்கச்சி நான் ஒருத்திதான். டெஸ்ட் எல்லாம் பொருந்திப் போச்சு. ஆனா டாக்டரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, எழுபத்தெட்டுக் கிலோ இருக்கீங்க, எழுபதுக்கு வந்தாத்தான் ஆபரேஷன், மூணு மாசம் டயம்னுட்டாரு.

தாராவியில தெனம் முந்நூறு இட்லி அவிச்சு விக்குதவகிட்ட எட்டுக் கிலோவ இறக்குன்னா எங்கிட்டு இறக்குவா? ஆனா இந்த சுனிதா ஒண்ண நெனச்சா நெனச்சதுதான். இட்லி வித்து முடிஞ்சதும் ஓட்டமும் நடையுமா மாட்டுங்கா வரைக்கும் போயிட்டு வருவேன். டிரெயின விட்டுட்டியான்னு எங்க சந்தே கேலி பண்ணும். ஆமா, நீ ஓடிப் போய்ப் புடிச்சுக் குடுன்னுட்டு நான் போயிட்டே இருப்பேன். சோறு ஒரு கைப்பிடி. வடா பாவ் கடையக் கண்டா மூஞ்சத் திருப்பிக்கிடுவேன்.

அக்கா மொதல்ல வேண்டவே வேண்டாம்னா. பொறவு திடீர்னு மனசு மாறின மாதிரி, கொள்ளு குடிச்சாக் கொழுப்புக் கரையும், நானே காச்சிக் குடுத்து விடுதேன்னு சொன்னா. அத்தான் மத்தியானம் செம்பூர்ல இருந்து டூட்டிக்குப் போற வழியில, தெனமும் ஒரு தூக்குச்சட்டிக் கஞ்சிய என் வீட்டுல குடுத்துட்டுப் போவாவ. அடேயப்பா, அந்தக் கஞ்சி. கொள்ளுக்கு இப்படி ஒரு ருசியான்னு சட்டிய வழிச்சு நக்குவேன். அக்கா கைப்பக்குவம்னு கண்ணு கலங்கும்.

ரெண்டு மாசம் முடிஞ்சு ஆஸ்பத்திரி மெஷின்ல ஏறினா எழுபத்தேழு. நான் திருட்டுத்தனமாத் திங்கேன்னு நெனச்சு நர்ஸ் சிரிக்கா. அக்கா மடியில விழுந்து அழலாம்னு நேரா செம்பூருக்கு பஸ் ஏறினேன்.

கதவு தொறந்து கெடந்துது. அடுப்படியில அக்கா எனக்குக் கஞ்சி காச்சிக்கிட்டு இருக்கா. பக்கத்துல அரைச்ச முந்திரி ஒரு கிண்ணம். நெய் டப்பாவ அப்படியே சட்டிக்குள்ள கவுத்துதா.

அழ வந்தவளுக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துட்டு. நான் ரெண்டு மாசமா நாயா அலைஞ்சதெல்லாம் இந்த நெய்யிலயா போச்சுன்னு வாய்க்கு வந்தபடி ஏசினேன். அக்கா திரும்பிக்கூடப் பாக்கல. கரண்டியக் கீழ வச்சா.

"அம்மா போனப்ப ஒனக்கு ஆறு வயசு. ஏட்டி, ஒன்னை அறுக்கக் குடுக்கதுக்கா நான் வளத்தேன்?"

எனக்கும் அழுகைதான். ஆனா விடல. "நீ செத்துட்டேன்னா ரெண்டு கிட்னிய வச்சுக்கிட்டு நான் என்னக்கா செய்ய? யாருகிட்டப் போய்ச் சண்டை போட?"

அந்தக் கஞ்சிய அவ கண்ணு முன்னாலயே சிங்க்ல கொட்டினேன். பொய் சொல்லக் கூடாது, கொட்டுததுக்கு முன்னால ஒரு கரண்டி குடிச்சேன்.

டாக்டர்கிட்டக் கெஞ்சி இன்னும் மூணு மாசம் வாங்கினேன். நடை ரெண்டு வேளையாச்சு. அக்கா என்கூடப் பேச்சு கிடையாது. நான் விடுவேனா, வாரா வாரம் போன் போட்டு எடையச் சொல்லுவேன். கேட்டுட்டு வச்சிருவா.

கெடு முடியுத அன்னைக்கு, அக்கா டயாலிசிஸ் முடிஞ்சு எடை பாக்குத ரூம்ல நாற்காலியில ஒக்காந்திருந்தா. நான் மெஷின்ல ஏறினேன். எழுபது கிலோ அறுநூறு கிராம். நர்ஸ் உதட்டப் பிதுக்கிட்டு, இன்னும் வரலன்னு எழுதப் பேனாவ எடுத்தா.

அக்கா எந்திரிச்சா. நர்ஸப் பாத்து ஏக் மினிட்னா. என் கையப் புடிச்சுக் கீழ இறக்கினா. என் வளையல ஒவ்வொண்ணாக் கழட்டினா. பொறவு கழுத்துச் சங்கிலி, கம்மல், இடுப்புல சொருகின சாவிக்கொத்து, போன், பர்ஸ், எல்லாத்தையும் உருவித் தன் முந்தானையில போட்டுக்கிட்டா. நிக்கவே தெம்பில்லாதவ, செவத்தப் புடிச்சுக் குனிஞ்சு என் செருப்பையும் கழட்டினா.

"இப்ப ஏறுட்டி"ன்னா.