பன்னிரண்டு பெருக்கல் பதினான்கு

அக்காவின் கம்ப்யூட்டர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நின்றது. பட்டென்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாசனை. நான் குனிந்து பின்பக்கம் முகர்ந்து பார்த்தேன். வாசனை பவர் சப்ளையிலிருந்து மட்டும்தான் வந்தது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அது தாங்கும் அளவுக்குப் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி அது.

"செத்துப்போச்சா?" என்றாள் அக்கா.

"பெட்டி மட்டும்தான். புதுசு மாத்துனா ஓடும்."

"ஓடும்னு நினைக்கிறியா, ஓடுமா?"

"ஓடும்."

அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவள் கட்டட வரைபடம் வரைகிறவள். மாமா அவளை விட்டுவிட்டுப் போய், அவள் எங்களிடம் திரும்பி வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதத்தில் முதல் முறையாக ஒரு கம்பெனி அவளை நம்பி வேலை கொடுத்திருந்தது. மூன்று மாடி மருத்துவமனை ஒன்று, பத்தொன்பது தாள். திங்கட்கிழமை காலை முழுவதையும் ஒப்படைத்தால் நிரந்தர வேலை. பதினேழு முடிந்திருந்தது.

"வரைஞ்சதெல்லாம் பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"உள்ள ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணு. ரெண்டு இடத்துல இருக்கு. உன்ன மாதிரி நானும் ஜாக்கிரதைதான்டி."

பென் டிரைவ் கம்ப்யூட்டரின் பின்னால் சொருகியிருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும். கழற்றினால் தொலைந்துவிடும் என்று அக்கா கழற்றவே மாட்டாள்.

மதியம் அப்பா சாப்பிட வந்ததும் விஷயத்தைச் சொன்னோம். அப்பா பழைய இரும்புக் கடையில் எடை போடுகிறவர். முப்பது வருடமாக அதே வேலை. கடையில் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. ஆனாலும் முதலாளி முதலில் அப்பாவின் கையில்தான் பொருளைக் கொடுப்பார். அப்பா கண்ணை மூடி ஒரு எண் சொல்வார். அதன் பிறகுதான் தராசு. தெருவில் எல்லோரும் அவரைத் தராசு என்றே கூப்பிடுவார்கள். தபால்காரர்கூட, "தராசு இருக்காரா?" என்றுதான் கேட்பார்.

"நாளைக்குக் காலையில போயிடலாம்," என்றார் அப்பா. "சின்னவளையும் கூட்டிட்டுப் போறேன். அவதான் கரண்டு படிச்சவ."

"அவ கடையில வாயத் திறப்பாளா?" என்றாள் அக்கா. "திறந்தா முத்து உதிர்ந்துடுமே."

மூன்று பேரும் சிரித்தோம். நானும்தான்.

கம்ப்யூட்டர் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டும். நான் தெருவில் ஒரு காலும் கடையில் ஒரு காலுமாக நின்றேன். கடைக்காரர் சோர்ந்த முகத்தோடு இரண்டு பெட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஒன்று சின்னது, சாம்பல் நிறம். பக்கத்தில் 400 வாட் என்று இருந்தது. மற்றது பளபளக்கும் கறுப்பு. அதில் விரற்கடை உயரத்தில் 600 என்று எழுதியிருந்தது. அறுநூறு, நானூறைவிட விலை குறைவு.

"எது நல்லதுப்பா?" என்றார் அப்பா.

"ரெண்டும் போகுது ஐயா. சாம்பலுக்கு மூணு வருஷம் கேரண்டி. கறுப்புக்கு ஒரு மாசம். உங்க கைல இருக்கறதப் பொறுத்து எடுத்துக்கங்க."

அப்பாவின் சட்டைப்பையில் இருந்த பணத்துக்கு இரண்டில் எதையும் வாங்கலாம். சாம்பலை வாங்கினால் பஸ்ஸுக்குக் காசிருக்காது, நடந்து வர வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். இதை நான் பல முறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

அப்பா கறுப்பை ஒரு கையிலும் சாம்பலை மறு கையிலும் எடுத்தார். கண்ணை மூடினார்.

"கறுப்பு, ஒண்ணே முக்கால் கிலோ. இது ஒண்ணரைகூட வராது." கண்ணைத் திறந்தார். "தாமிரம் உள்ள இருந்தாத்தான் கனம் வரும். மோட்டார் ஆகட்டும், எது ஆகட்டும். நான் உடைச்சுப் பாக்காத மோட்டாரா?"

பிறகு கறுப்பைக் காதருகே வைத்து ஆட்டினார். இரும்புக் கடைக்கு டின்னுக்குள் மண்ணை அடைத்து எடைக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அப்பா ஆட்டியே பிடித்துவிடுவார். கறுப்புப் பெட்டிக்குள் ஒன்றும் குலுங்கவில்லை.

அவர் அதைத் திருப்பியபோது பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்னக் கட்டம் எனக்குத் தெரிந்தது. பவர் சப்ளையில் பெரிய எழுத்தைப் பார்க்கக் கூடாது, அந்தக் கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரின் பெரும்பாலான வேலை பன்னிரண்டு வோல்ட் கம்பியில் நடக்கிறது. அந்தக் கம்பி எத்தனை ஆம்பியர் கொடுக்கும் என்று அங்கே போட்டிருக்கும். கறுப்பில் பதினான்கு என்றிருந்தது. சாம்பலில் முப்பது.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். பன்னிரண்டு பெருக்கல் பதினான்கு, நூற்றி அறுபத்தெட்டு. அறுநூறு எங்கே, நூற்றி அறுபத்தெட்டு எங்கே. சாம்பல், முந்நூற்றி அறுபது. சொன்னதற்குப் பக்கத்தில் வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கணக்கு.

"அப்பா," என்றேன்.

கடைக்காரரும் அப்பாவும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"என்ன தங்கச்சி, சொல்லுங்க," என்றார் கடைக்காரர்.

அப்பாவின் கையில் இன்னும் அந்தப் பெட்டி இருந்தது. முகத்தில், எடையைச் சரியாகச் சொன்ன பிறகு வரும் அந்தச் சின்னச் சந்தோஷம். இன்னொருவர் கடையில், இன்னொருவர் முன்னால், உங்கள் கை தப்பு என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காது சூடாகிவிட்டது.

"ஒண்ணுமில்லப்பா."

பஸ்ஸில்தான் திரும்பினோம். அப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். மருத்துவமனை கட்டி முடித்ததும் மூவரும் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும் என்றார். "யாருக்கும் உடம்பு சரியில்லன்னு போகக் கூடாது. சும்மா போகணும். என் பொண்ணு போட்ட மாடிப்படி எதுன்னு பாக்கணும்."

நான் பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். திருகாணியை முடுக்கும்போதும் சொல்லியிருக்கலாம். அங்கே வெளியாட்கள் யாரும் இல்லை. ஆனால் பொருத்தியதும் விசிறி சுற்றியது, திரை ஒளிர்ந்தது, அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லாப் பெட்டியும் எழுதியபடியா இருக்கிறது, ஓடினால் சரிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் ஓடியது. பதினெட்டாவது தாளும் முடிந்தது. கடைசித் தாள் முழுக் கட்டடத்தின் தோற்றம். வெயில், நிழல், கண்ணாடி எல்லாவற்றோடும் கம்ப்யூட்டர் அதைக் கணக்கிட்டு வரைய வேண்டும். அது உச்சமாக உழைப்பது அப்போதுதான். கட்டடம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக வந்தது. அப்பா காப்பித் தம்ளரோடு பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் மாடி வரை வந்தது.

இந்த முறை சத்தம் பெரிதாக இல்லை. விசிறி ஒரு நொடி வேகமாகச் சுற்றியது, நின்றது. கருகல் வாசனை எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. நான் குனிந்து முகர வேண்டியிருக்கவில்லை.

நல்ல பெட்டி தன்னால் முடியாதபோது தன்னை அணைத்துக்கொள்ளும். மட்டமானது சாகும்போது கட்டுப்பாடு போய், அளவுக்கு மீறிய மின்சாரத்தை எல்லாவற்றுக்குள்ளும் அனுப்பிவிட்டுத்தான் சாகும். மதர்போர்டு போயிருந்தது. ஹார்ட் டிஸ்க் போயிருந்தது. அக்கா பென் டிரைவை உருவி என்னிடம் கொடுத்தாள். அது சுட்டது. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். வெளிச்சமே வரவில்லை. இரண்டு இடத்தில் இருந்ததும் ஒரே கம்பியில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தருகிறவரிடம் போனேன். அப்பாவின் மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்டார். அதுவும் உத்தரவாதம் இல்லை, பத்து நாள் ஆகும் என்றார்.

நான் திரும்பி வந்தபோது அப்பா முற்றத்தில் உட்கார்ந்து கறுப்புப் பெட்டியைத் திறந்திருந்தார். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு சுருள், கருகிய நாலைந்து சில்லறைச் சாமான்கள். அடியில், கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றி, பசை போட்டு அசையாமல் ஒட்டிய ஒரு சிமெண்ட் கட்டி. கனத்துக்காக வைத்தது. அப்பாவைப் போன்ற ஒருவர் கையில் எடுத்துப் பார்ப்பார் என்று எங்கோ யாரோ யோசித்து வைத்தது.

அப்பா அதைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்தார். கண்ணை மூடவில்லை.

"முந்நூத்தம்பது," என்றார். உள்ளே போய்விட்டார்.

பிறகு நான் அதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். முந்நூற்று ஐம்பத்திரண்டு கிராம்.

திங்கட்கிழமை அக்கா கம்பெனிக்குப் போன் செய்தாள். அங்கே போனை எடுத்த மேடம் நல்லவிதமாகத்தான் பேசினார். இன்னொருவருக்கும் இதே வேலையைக் கொடுத்திருந்தார்களாம், அவர் முடித்துக் கொடுத்துவிட்டாராம். "பரவால்ல மேடம்," என்று அக்கா மூன்று தடவை சொன்னாள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அவளிடம் சொன்னேன். கட்டத்தைப் பார்த்ததை, பெருக்கியதை, ஒண்ணுமில்ல என்றதை.

அக்கா வெகுநேரம் ஒரு துண்டையே மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இப்ப சொல்லப் போறேன்."

"சொல்லாத." அவள் என்னைப் பார்க்கவில்லை. "கடைக்காரன் ஏமாத்திட்டான்னு இருக்கட்டும். பக்கத்துல நின்ன பொண்ணுக்குத் தெரியும்னா, அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

"உனக்குக் கோவம் இல்லையா?"

"இருக்கு." துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டாள். "பேசணும்னப்ப பேசல. இப்பவாவது பேசாம இரு."

அடுத்த வாரம் அக்கா ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. அவளுடைய மேஜை காலியாக இருக்கிறது. அதில் யாரும் எதுவும் வைப்பதில்லை.

இரும்புக் கடையில் அப்பா இப்போது எல்லாவற்றையும் நேராகத் தராசிலேயே வைக்கிறாராம். ஒரு நாள் முதலாளி எங்கள் வாசலில் நின்று கேலியாகக் கேட்டார். "என்ன தராசு, தராசு ரிப்பேரா?"

"வயசாச்சுல்ல," என்றார் அப்பா.

நேற்று கூடத்து பல்பு போய்விட்டது. அப்பா என்னைக் கூப்பிட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு பல்புகளை எடுத்து வைத்தார். அப்பா எதையும் கையில் எடுக்கவில்லை. இரண்டு அட்டைகளையும் என் பக்கம் நகர்த்தினார்.

"நீ படிச்சுச் சொல்லும்மா. எனக்கு இதெல்லாம் தெரியாது." அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கும் உன்ன ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். காது சூடானது. நான் அட்டையை எடுத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தேன். ஒன்பது வாட். இருநூற்று நாற்பது வோல்ட். எத்தனை மணி நேரம் எரியும், எங்கே செய்தது, எந்த வெப்பத்தில் வைக்கக் கூடாது. சின்ன எழுத்தில் இருந்த முகவரியையும் விடவில்லை. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.