யோரிஸ் சுட்ட முயல்

சோப்புக் காய்ச்சும் யோரிஸின் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்து முயல், மாட்டிய மூன்றாம் நாள் நாற ஆரம்பித்தது. எங்கள் ஹார்லெம் நகரில் அந்த வருஷம் வெண்ணெய் விலை ஏறியிருந்த கவலையில் முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் மணற்குன்றுகளில் வேட்டையாடும் உரிமை பிரபுக்களுக்கு மட்டும்தான். சோப்பிலும் பீரிலும் துணியிலும் காசு பார்த்த எங்களைப் போன்றவர்கள், செத்த முயலையும் கௌதாரியையும் வரையச்சொல்லி வாங்கிக் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களிடம் நானே சுட்டது என்று சாதிப்போம். கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்கி விழும் நானும் இரண்டு கௌதாரிகளை ஒரே குண்டில் வீழ்த்தியவன்தான்.

நாற்றம் வந்ததும் யோரிஸுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எங்கள் படங்களில் வெறும் எண்ணெய் வாடைதானே வீசியது! ஆறு பேரை விருந்துக்கு அழைத்தார். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, வயிறெரிய எரியப் புகழ்ந்தோம். படத்தில் மொய்த்த ஈக்களை அவர் மனைவி மாக்டெல் துணியால் விரட்டிக்கொண்டிருந்தாள். நாற்றம் தெருமுனையைத் தாண்டியிருந்ததால் மணற்குன்றுக் காவலரும் வந்து நின்றார்.

“ஓய், யாருய்யா இதைச் சுட்டது? ஒரு வருஷம் ஊரைவிட்டே விரட்டிருவாங்க, தெரியும்ல?”

“ஐயா, இவரு எலியைக்கூட அடிச்சதில்ல,” என்று பதறினாள் மாக்டெல். “என்னங்க, உள்ளதைச் சொல்லித் தொலைங்களேன்!”

யோரிஸ் காவலரைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வீடு மிஞ்சும், மானம் போகும். எங்கள் சுவர்களிலும் இதே பொய்தான் தொங்குகிறது என்று ஒரு வார்த்தை சொல்லி அவரைக் காப்பாற்றியிருக்கலாம். நாங்களோ மீனில் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தோம்.

“நான்தான் சுட்டேன்,” என்றார் யோரிஸ்.

திருட்டு வேட்டையில் பிடிபட்டது அனாதை விடுதிக்குப் போக வேண்டும் என்பது சட்டம். முயல் படத்தோடு போயிற்று. அங்கே சமையற்காரி படத்துக்குள் கையை விட்டு முயலைக் கழற்றி, தோலுரித்து, காடியும் உலர்ந்த பிளம் பழமும் போட்டு வேகவைத்தாள். பிள்ளைகள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். முயலின் தொடையில் ஈயக்குண்டு ஒன்று இருந்தது. யோரிஸ் அதற்குள் ஊரைவிட்டு விரட்டப்பட்டு, லெய்டன் நகரில் வாடகை அறையில் கிடந்தார். மாக்டெல் குண்டை விடுதியில் வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, படகில் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள்.

“எலிக்குப் பயந்த வேட்டைக்காரரே, இந்தாங்க உங்க குண்டு!” என்று அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார். துப்பாக்கியைத் தொட்டே அறியாத மனிதர் ஓவென்று அழுதார்.

“பாவம், மாக்டெல், அந்த முயல் என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. அப்பவாவது சுடாம விட்டிருக்கலாம்.”

வருஷம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு வேட்டை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்களில் சுட்டவர் அவர் ஒருவர்தான்.