இறந்த பின் இருபத்தேழு கூட்டங்கள்

என் வீட்டுக்காரர் செத்து ஒன்பது வருஷம் கழித்து அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. நில உரிமையாளர் சங்கத்தின் முத்திரை, உயர்திரு போட்டு அவர் பெயர். வயல்களுக்கு நடுவே போடப்போகும் புதிய பாதைக்கான தீர்மானத்தை வழிமொழிந்ததற்கும், தன் நிலத்தில் பன்னிரண்டு அடி அகலத்தை விட்டுக்கொடுத்த பெருந்தன்மைக்கும் சங்கம் நன்றி தெரிவிக்கிறதாம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஈரக் கையோடு இரண்டு தடவை படித்தேன். உயிரோடு இருந்த காலத்தில் நான் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத மனுஷன், செத்த பிறகு பெருந்தன்மையில் இறங்கிவிட்டார்.

கூடவே ஒரு வரைபடம் வைத்திருந்தார்கள். சிவப்புக் கோடு நேராக வந்து என் கிணற்றின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கிப் போனது. அந்தக் கிணறு இல்லாவிட்டால் என் இரண்டு ஏக்கரில் பிள்ளைகளைப் பந்து விளையாடத்தான் விடலாம். சோறு போடுவது அதுதான். கோடு எங்கே போய் முடிகிறது என்று பார்த்தேன். என் வயலுக்குப் பின்னால் இருக்கும் மாமாவின் களத்தில் போய் முடிந்தது. மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். பாதை வந்துவிட்டால் லாரி அவர் களத்துக்கே வந்து மூட்டை ஏற்றும்.

சேலையைக்கூட மாற்றாமல் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் வாத்தியார். முன்பு ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னதைச் சொல்லவே இல்லை என்று சாதித்து, நாற்காலிகள் பறந்து, மண்டை உடைந்திருக்கிறது. அதிலிருந்து கூட்டத்தில் யார் வாய் திறந்தாலும் வாத்தியார் எழுதிவிட வேண்டும் என்று விதி போட்டுவிட்டார்கள். அவரும் எழுதுவார். 'தலைவர் தும்மினார், பொருளாளர் நூறு வயசு என்றார்' என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்.

வாத்தியார் மென்று விழுங்கிக்கொண்டே வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தார். வருஷத்துக்கு மூன்று கூட்டம், ஒன்பது வருஷத்தில் இருபத்தேழு. இருபத்தேழுக்கும் என் வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்றுகூடத் தவறவில்லை. உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை போனார். கடைசி வரிசையில் தூங்கிவிட்டுக் கழுத்து பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு நாள் தைலம் தேய்த்தது நான்.

நான் கத்திய கத்தலில் வாத்தியாரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வாத்தியார் விளக்கினார். சங்கத்தின் பட்டியலில் அறுபத்துமூன்று பேர். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது நாற்பத்திரண்டு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஆனால் உயிரோடு இருப்பதே முப்பத்தெட்டு பேர். செத்த இருபத்தைந்து பேரை நீக்கலாம்தான், அதற்குத் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் போட நாற்பத்திரண்டு பேர் வேண்டும். அதனால் செத்தவர்களின் அண்ணனோ தம்பியோ மகனோ அவர்களுக்காகக் கையெழுத்துப் போட்டு ஒப்பேற்றி வருகிறார்கள். இதைச் சொல்லும்போது அந்த மனுஷனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கணக்குப் பாடம் எடுத்தவர், பாவம்.

அடுத்த கூட்டம் சங்கத்தின் உரக் கிடங்கில் நடந்தது. மூட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேலே மின்விசிறி கடகடவென்று கத்திக்கொண்டிருந்தது, காற்று மட்டும் வரவில்லை. தலைவர் பத்தொன்பது வருஷமாகத் தலைவர். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பார். அதனால் அவருக்கு 'அப்புறம்' என்றே பெயர் வைத்திருந்தோம், அவர் காதில் விழாமல்.

நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். உறுப்பினர் அல்லாதவர்கள் பேசக் கூடாதே அம்மா என்றார் தலைவர். நான் பேச வரவில்லை, ஓர் உறுப்பினரின் கடிதத்தைக் கொண்டு வந்திருக்கிறேன் என்று நீட்டினேன். பாதைத் தீர்மானத்தை வழிமொழிந்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், இப்படிக்கு என்று என் வீட்டுக்காரர் பெயர் போட்டிருந்தது. தலைவர் படித்துவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னம்மா விளையாடுறியா? செத்துப்போனவர் எப்படி லெட்டர் எழுதுவாரு?"

வாத்தியாரின் பேனா கரகரவென்று ஓடியது.

"வாத்தியாரே, அதை எழுதாதீங்க" என்றார் தலைவர்.

வாத்தியார் அதையும் எழுதினார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் எழுந்தேன். என் வாய் நடுங்கவில்லை. அது என்னைக்குமே நடுங்காது.

"ஒருத்தர் நிலத்துல பாதை போடணும்னா அவர் சம்மதிக்கணும்னு உங்க விதியே சொல்லுது. செத்தவங்க கணக்கில வருவாங்கன்னா, அவரு இப்போ முடியாதுன்னு சொல்றாரு. வரமாட்டாங்கன்னா, அவரு சம்மதிக்கவே இல்ல. ரெண்டுல எதை எழுதணும்னு நீங்களே சொல்லுங்க, வாத்தியார் காத்திருக்காரு."

தலைவர் அப்புறம் பார்க்கலாம் என்று ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள், ஏனென்றால் அந்த இருபத்தேழு கையெழுத்தும் யாருடையது என்று கிடங்கில் இருந்த எலிக்கும் தெரியும். மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"என் தம்பி எனக்கு எதையுமே இல்லன்னு சொன்னது கிடையாதும்மா" என்றார்.

அது நிஜம். அண்ணன் கேட்டால் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு வீட்டுக்கு வருகிற ஆள்தான் அவர்.

"சொல்ல மாட்டாரு மாமா" என்றேன். "அதை அவருக்குப் பதிலா சொல்றதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டாரு. கிணத்தைத் தர முடியாது."

மாமா உட்கார்ந்துவிட்டார். பாதை வேண்டாம் என்று அவரே முனகினார். வாத்தியார் 'முனகினார்' என்றே எழுதியிருக்கிறார், பிறகு போய்ப் பார்த்தேன்.

பாதை நின்றது. அன்றைக்குப் பதிவேட்டில் தம்பி பெயருக்கு மாமா கையெழுத்துப் போடவும் இல்லை. ஆனால் கூட்டத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செத்தவர்கள் கணக்கில் இல்லை என்று நாளைக்கு எவனாவது கிளம்பினால் சங்கத்தில் இனி கூட்டமே நடத்த முடியாது. ஆளாளுக்குத் தலையைச் சொறிந்தார்கள். சமையற்கட்டிலேயே இதை யோசித்து வைத்திருந்த நான் சொன்னேன், செத்தவர்கள் எல்லோரும் கடைசியாக ஒரே ஒரு தடவை வரட்டும், வந்து தங்களைத் தாங்களே நீக்கிக்கொள்ளட்டும், அவர்களுடைய இடத்தில் இப்போது யார் அந்த நிலத்தில் பாடுபடுகிறார்களோ அவர்கள் பெயரை எழுதுங்கள். அந்தக் கடைசிக் கையெழுத்தையும் பாடுபடுகிறவர்களே போட வேண்டும் என்றேன். தலைவர் மறுத்துப் பார்த்தார். செத்தவருக்கு யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதியில் எங்குமே இல்லையே என்றார் வாத்தியார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அடுத்த மாதம் இதற்கென்றே ஒரு கூட்டம் போட்டார்கள், கிடங்கில் நாற்காலி போதவில்லை. உர மூட்டைகளின் மேலெல்லாம் பெண்கள். செத்த இருபத்தைந்து பேரில் பதினெட்டுப் பேரின் நிலத்தைப் பார்ப்பது மனைவியோ மகளோதான் என்பது அன்றைக்குத்தான் ஆண்களுக்குத் தெரிந்ததுபோல முழித்தார்கள். வாத்தியார் சந்தடி சாக்கில் இன்னொரு தீர்மானத்தையும் நுழைத்துவிட்டார். இனி தலைவர் பதவி இரண்டு வருஷம் மட்டும். உயிரோடு இருந்தவர்கள் கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்தவர்கள் இருபத்தைந்து பேரும் உடனே ஆதரித்தார்கள். அவர்களுக்கு இனி தலைவரிடம் என்ன பயம்? அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கும் துணிச்சல் வந்தது.

அன்றைக்குத் தீர்மானங்களுக்கெல்லாம் முன்னால், கையெழுத்துக்காகப் பதிவேடு என்னிடம் வந்தது. அவர் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. அவர் கையெழுத்து எனக்குத் தெரியும். பிள்ளையின் ரேங்க் கார்டில் எத்தனை தடவை போட்டிருக்கிறார்! பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பார். எதுக்கு அந்தப் புள்ளி என்று கேட்டால் சும்மாதான் என்பார். மாமா போட்ட இருபத்தேழிலும் கோடு இருந்தது, புள்ளி இல்லை. நான் பெயரை எழுதி, கோட்டை இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்தேன். இருபத்தெட்டாவது தடவைதான் மனுஷன் நிஜமாக வந்ததுபோல இருந்தது. பொலபொலவென்று அழுதுவிட்டேன். பக்கத்து மூட்டைக்காரி என் முதுகைத் தடவினாள், அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

தீர்மானம் நிறைவேறியதும் வாத்தியார் சிவப்புப் பேனாவும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு பெயர்களை ஒவ்வொன்றாக அடித்தார். எங்கள் வரிக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நானே கோடு போட்டேன். புள்ளிகளின் மேல் படாமல் பார்த்துப் போட்டேன்.

பிறகு புதுப் பட்டியலை உரக்க வாசித்தார். என் பெயர் வந்தது. வீட்டு வாசலுக்கு வெளியே யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பல வருஷம் ஆகிறது. பதில் சொல்ல வேண்டும் என்றே தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்து மாமா, "உன்னைத்தாம்மா" என்றார்.

"இருக்கேன்" என்றேன்.

வாத்தியார் அதையும் எழுதிக்கொண்டார்.