புளிப்பு நூலும் கார நூலும்

இசக்கியம்மாளுக்கு ஒரு மயிர்க்காலில் வேலை. நாலாவது மாடி, நூல் பிரிவு. வருகிற ஆட்களுக்குள் நூல் நிரப்பி, கெட்டியாக்கி, மேலே அனுப்ப வேண்டும். கெட்டியானவர்களை ஒருவருக்கு அடியில் ஒருவராகச் செருகி அடுக்குவார்கள். அடுக்கு கூரையைத் தாண்டி வெளியே போனதும் அதற்கு முடி என்று பெயர். யாருடைய தலை என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு ஒரு படிவம் உண்டு. அது ஐந்தாவது மாடியில் கிடைக்கும். ஐந்தாவது மாடியில் யாரும் பேசமாட்டார்கள்.

மயிர்க்கால் என்று முகவரி எழுதினால் தபால்காரர் ஒரு மாதிரி சிரிக்கிறார் என்று, வாசலில் ‘வேர் நகர்’ என்று பலகை மாட்டினார்கள். தபால்காரர் அதற்கும் சிரித்தார்.

தரைத்தளத்தில் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பிள்ளை பிறந்தால் மேலே இருக்கிற எல்லோரும் ஒரு படி ஏறவேண்டும். யாரும் விரட்டுவதில்லை. நிற்க இடம் இல்லாமல் போய்விடும், அவ்வளவுதான். ஊழியர்கள் மட்டும் சுவரோரம் ஒதுங்கி நின்றுகொள்ளலாம். ஊழியர்களின் குடும்பத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எழுதிப் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

கெரட்டின் நூல் இரண்டு வகை. ஒன்று புளிக்கும், ஒன்று உறைக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் வாயில் கொடுக்கவேண்டும். உள்ளே போய் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஒன்றை மட்டும் கொடுத்தால் நிற்காது. அரை மணியில் கரைந்து, ஆள் பழையபடி கொழகொழவென்று, கூப்பிட்டால் பேசுகிறவராக இருப்பார். முறுக்கு ஏறியதும் ஒரு கரண்டி கந்தகத் தூள் போட்டால் முடிச்சுகள் இறுகிவிடும். பிறகு ஆளின் பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். பதில் வந்தால் மறுபடி நூல். பதில் வராவிட்டால் புறங்கையில் ‘கெட்டி’ என்று முத்திரை.

பதினாறு வருஷத்தில் இசக்கியம்மாள் முத்திரை குத்திய ஒருவர்கூட அப்புறம் வாயைத் திறந்ததில்லை. மேற்பார்வையாளர் ஆவுடையப்பன் இதை எல்லாக் கூட்டத்திலும் சொல்லுவார். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் புருஷன் பலவேசம் நாலாவது மாடிக்கு ஏறி வந்தான். கையில் தூக்குவாளி.

“கீழ ரெட்டைப் பிள்ளையாம்ளா,” என்றான். “ரெண்டு படி ஒரேயடியா ஏற வேண்டியதாப் போச்சு. சாப்பிட்டியா?”

“வியாழக்கெழமைதான் வருவீயன்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

அவன் இத்தனை நாள் உயிரோடு இருந்ததற்கான படிவத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜன்னலில் கொடுத்தான். ஆவுடையப்பன் அதில் இரண்டு ஓட்டை போட்டுக் கம்பியில் கோத்தார். பலவேசம் வந்து மணையில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். கடைவாயில் அந்தச் சொத்தைப் பல் இன்னும் இருந்தது.

இசக்கியம்மாள் புளிப்பு நூலை எடுத்துக் கொடுத்தாள். கார நூல் கண்டை எடுத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். ஆவுடையப்பன் கம்பியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கார நூலை அவள் தன் மடியில் சொருகிக்கொண்டாள்.

“இங்கேருங்க,” என்று குனிந்து சொன்னாள். “பேரைச் சொல்லி மூணு வாட்டி கூப்பிடுவேன். பதில் சொல்லாதிய.”

“நீ எம்பேரச் சொல்லுவியா?”

“சொல்லித்தான் ஆகணும். விதி.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவன் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் அட்டைக்குக் கேட்டபோதுகூட மகளைத்தான் சொல்லச் சொன்னாள். இப்போது நாக்கு எழும்பவில்லை. கந்தகத்தைத் தூவிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, “பலவேசம்” என்றாள். காது மடலெல்லாம் சூடானது. இன்னும் இரண்டு தடவை சொன்னாள். அவன் வாயை இறுக்கிக்கொண்டான். ஆனால் கண் சிரித்துவிட்டது. ஆவுடையப்பன் பார்ப்பதற்குள் அவள் முத்திரையைக் குத்தினாள். அன்றே அவன் கூரையைத் தாண்டிவிட்டான்.

புதன்கிழமை மேலேயிருந்து குரல் வந்தது. சுவரில் காதை வைத்தால்தான் கேட்கும்.

“ஏளா இசக்கி. வெயில்னு சொல்லுவாங்கல்லா, அது நல்லாத்தான் இருக்கு.”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரே ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தாள். மதியம் படியிறங்கி, இரண்டாவது மாடியில் நின்றுகொண்டிருந்த மகள் முப்பிடாதியிடம் சொன்னாள்.

“அப்பா பேசுதாராம்மா? மேல போயுமா?”

“வெயில் நல்லாருக்குதாம்ளா.”

முப்பிடாதிக்குப் பத்தொன்பது வயது. வெயில் எப்படி இருக்கும் என்று அன்று முழுக்கப் பக்கத்துப் படிக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை குரல் வேறு மாதிரி வந்தது.

“சீயக்காய் கண்ணுல விழுந்திட்டுளா. எரியுது. மேல இருக்கவங்களுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் எரியுது.”

பிறகு, “துண்டை வெச்சு முறுக்குதாங்க” என்றது. பிறகு, “மேல இருக்க கனம் பூரா என் தோளுல இருக்கு. அவங்க சொன்னா கேக்க மாட்டேங்காங்க” என்றது. அவள் சுவரில் வாயை வைத்து, “பொறுத்துக்கிடுங்க” என்றாள். அது மேலே போகுமா என்று அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை சீப்பு வந்தது.

சீப்பு வாரத்தில் ஏழு நாளும் வரும். அடுக்கு சற்று அதிரும், கந்தக டப்பா மேஜையில் நகரும், அத்தோடு சரி. அன்றைக்கு எங்கோ சிக்கு இருந்தது. சீப்பு நின்றது. இழுத்தது. பலவேசம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். அவளுக்குச் சுவரில் காது வைக்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி இழுத்தது. மறுபடி கத்தினான். மூன்றாவது இழுப்பில் அவன் இருந்த இடத்தில் முடி அறுந்தது. அவனும், அவனுக்கு மேலே மூன்று வருஷமாக அடுக்கியிருந்தவர்களும் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட முனகவில்லை. அவர்களுக்கு எதுவும் தெரியாது.

ஆவுடையப்பன் கோப்போடு வந்தார்.

“மேல சத்தம் கேட்டிருக்கும்மா. கெட்டியானவங்க சத்தம் போட முடியாது.”

“தெரியலையே சார்.”

“நம்ம பிரிவுல தப்பு நடக்காது.”

“நடக்காது சார்.”

அவர் யோசித்துவிட்டு, ‘காற்று’ என்று எழுதினார். எழுதிய பிறகு நாற்காலியை அவள் மணைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளைக்கு இங்கேதான் உட்காரப் போவதாகச் சொன்னார்.

இசக்கியம்மாள் அழவில்லை. அழுதால் நூல் நனையும். அந்த வாரம் வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு நூலையும் ஒரு பிடி கூடவே கொடுத்தாள். கீழே மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா என்ன சொன்னார் என்று கேட்டபோதெல்லாம், வெயில் நல்லாருக்குதாம் என்றே சொன்னாள்.

அடுத்த செவ்வாய் முப்பிடாதி நாலாவது மாடிக்கு வந்தாள். தலை வாரி, பொட்டு வைத்திருந்தாள். படிவத்தைக் கொடுத்துவிட்டு மணையில் உட்கார்ந்து, அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

“எம்மா, அப்பாவுக்குச் செஞ்ச மாதிரியே எனக்கும் செய்யி. மேல போய் அப்பாவப் பாக்கணும்.”

ஆவுடையப்பன் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைத் துடைக்க எழுந்து ஜன்னலோரம் போனார். இசக்கியம்மாளின் மடியில் இடம் இருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

அவள் புளிப்பு நூலைக் கொடுத்தாள். கார நூலையும் கொடுத்தாள்.

“உறைக்குதும்மா,” என்றாள் முப்பிடாதி. “அப்பாவுக்கும் உறைச்சுதா?”

“உறைச்சுது.”

“இது ரெண்டுமேவா கொடுத்தே அப்பாவுக்கு?”

“பேசாம முழுங்குட்டி.”

கந்தகத்தை ஒன்றுக்கு இரண்டு கரண்டியாகப் போட்டாள். கொஞ்சம் மகளின் பாவாடையில் கொட்டியது. தட்டிவிட்டாள். ஆவுடையப்பன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“முப்பிடாதி.”

“என்னம்மா?”

மறுபடி இரண்டு நூலும். மறுபடி கந்தகம்.

“முப்பிடாதி.”

“ம்.”

மறுபடி. இந்தத் தடவை அவள் மகளின் தாடையைக் கையில் ஏந்திக்கொண்டு, நூல்கண்டு தீரும்வரை விட்டாள். தாடை உள்ளங்கையில் மரக்கட்டையாக ஆயிற்று. மகளுக்குச் சீயக்காய் எரியாது. துண்டு வலிக்காது. சீப்பு எங்கே சிக்கினாலும் தெரியாது. இதைத்தான் அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

“முப்பிடாதி.”

பதில் இல்லை.

“நல்ல கெட்டி,” என்று ஆவுடையப்பன் சொல்லி முத்திரையை நீட்டினார். அவள் குத்தினாள். கீழே எங்கோ ஒரு பிள்ளை பிறந்து வீரிட்டது. முப்பிடாதி மணையிலிருந்து ஒரு படி ஏறினாள். அப்பாவைப் பார்க்கப் போகிறவளின் முகத்தில் அப்பா என்று ஒருவர் இருந்த அடையாளம் இல்லை.

இசக்கியம்மாள் எழுந்து, பின்னாலேயே போய், “ஏட்டி முப்பிடாதி” என்று கூப்பிட்டாள்.

“மூணு போதும்மா,” என்றார் ஆவுடையப்பன். “நாலாவது தடவைக்கு விதியில்ல.”

அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.